விழா முடியட்டும்

அந்த ராணுவப் பள்ளியின் இளையோர் விடுதி ஒரு காலத்தில் குதிரை லாயம். குதிரை கட்டிய இரும்பு வளையங்கள் சுவரில் அப்படியே இருந்தன. பையன்கள் அவற்றில் துண்டு காயப்போடுவார்கள். ஏதோ ஒரு பழைய போரில் செத்த சிப்பாய்களின் பிள்ளைகளுக்குச் சோறும் படிப்பும் கொடுக்கத் தொடங்கிய இடம் அது. பிறகு அரசு மாறியது, கொடி மாறியது, வாசல் வளைவில் இருந்த சின்னத்தைக் கொத்தி எடுத்துவிட்டு வேறொன்றைப் பூசினார்கள். விடியலில் ஊதும் ஊதுகொம்பும், கட்டில் விரிப்பில் சுருக்கம் இருக்கக் கூடாது என்ற சட்டமும் மட்டும் மாறவே இல்லை. சுருக்கம் கண்டால் மைதானத்தைச் சுற்றி ஓடவேண்டும். அதற்குப் பயந்து புதுப் பையன்களில் பாதிப் பேர் கட்டிலைத் தொடாமல் தரையில் படுத்துக்கொள்வார்கள்.

விடுதியைப் பார்த்துக்கொண்டவளுக்குப் பதவிப் பெயர் மேட்ரன். பையன்கள் தங்களுக்குள் வைத்த பெயர் பெரியம்மா. புருஷன் ராணுவ லாரி ஓட்டியவன். மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்து போய்ச் சேர்ந்தான். அதற்கு ஈடாகக் கிடைத்த வேலை இது. பூட்ஸ் கடித்த குதிகாலுக்கு மருந்து போடுவாள், பொத்தான் தைப்பாள், படுக்கையை நனைத்தவனின் விரிப்பை யாருக்கும் தெரியாமல் மாற்றிவிடுவாள். "ராணுவத்துல இருக்கிற பெரிய ரகசியமெல்லாம் என்கிட்டதான் இருக்கு" என்று சலவைக்காரரிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த வருஷம் அவளுக்குச் செல்லம், டமாரம் என்று எல்லோரும் கூப்பிட்ட பையன். பேண்டு வாத்தியக் குழுவில் மேளம் அடித்ததால் மட்டும் வந்த பெயரல்ல, வாயும் ஓயாது, கையும் ஓயாது. தட்டு, வாளி, கட்டில் கம்பி எதுவும் அவன் விரலுக்குத் தப்பாது. பள்ளியை நிறுவிய நாளின் அணிவகுப்பில் குழுவுக்கு முன்னால் தனியாக மேளம் அடித்துக்கொண்டு நடக்க ஒரு சின்னப் பையனைத் தேர்ந்தெடுப்பது பள்ளி தொடங்கிய நாளிலிருந்தே வழக்கம். அந்த முறை அவன்தான்.

விழாவுக்கு இரண்டு நாள் இருந்தபோது, பையன்கள் மைதானத்தில் இருந்த பிற்பகலில், விடுதிப் போன் அடித்தது.

"மேட்ரன் அம்மாங்களா? உங்க விடுதியில மேளம் அடிக்கிற பையனோட அப்பா பேசறேன். அவன் அம்மா ஆஸ்பத்திரியில இருக்கா. ஆபரேஷன் பண்ணியும் சரிப்படலை. இனிமே கையில ஒண்ணும் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"கடவுளே. பையனை உடனே அனுப்பச் சொல்றேங்க."

"வேண்டாங்க. கர்னல்கிட்ட பேசிட்டேன். விழா முடியட்டும். நானும் அங்க படிச்சவன்தான், முன்னால நடக்க எனக்குக் கிடைக்கலை. அவளும் அதைத்தான் சொல்றா, அவன் நடந்துட்டு வரட்டும்னு. அவன்கிட்ட ஒண்ணும் காட்டிக்காதீங்க."

"அதுவரைக்கும் தாங்குமாங்க?"

"தாங்கும்னு நெனச்சுக்கறேன். அவன் ஒழுங்கா சாப்பிடறானான்னு மட்டும் பார்த்துக்கங்க. அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

அவள் பள்ளியை நடத்திய கர்னலிடம் ஓடினாள். அவர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார்.

"நான் இங்க படிக்கும்போது எங்கப்பா போனாரு. பரீட்சை முடிஞ்சுதான் எனக்குச் சொன்னாங்க. நான் நல்லாத்தானே இருக்கேன்?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பதில் அதிலேயே இருந்தது.

"பெத்தவரே வேண்டாங்கறாரு. அதுக்கு மேல நீங்க யாரு, நான் யாரு?" என்றார் கர்னல்.

சாயங்காலம் டமாரம் மேளத்தின் தோள்வாரை எடுத்துக்கொண்டு வந்தான், தையல் விட்டுப்போயிருந்தது. அவள் தைக்க உட்கார்ந்தாள். அவன் அவளுடைய டிரங்குப் பெட்டியில் தாளம் போட்டான்.

"எங்கம்மா முன்வரிசையில உட்காரலாமா பெரியம்மா? இல்ல அது ஆபீசருங்களுக்கு மட்டுமா?"

"உட்காரலாம்டா."

"போன் ஏதும் வந்துச்சா?"

நூலைப் பல்லால் கடிக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டாள். "வரலை."

அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடலாமா என்றுகூட நினைத்தாள். வாசல் காவலுக்குக் கர்னல் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். வேலை போனால் போகட்டும் என்றாலும், வாசலைத் தாண்ட முடியாதே. சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் இரண்டு நாளும் அவனுக்குச் சோறு போட்டாள். அவன் நன்றாகத்தான் சாப்பிட்டான்.

விழா அன்று அவள் பார்வையாளர்களுக்குப் பின்னால் தண்ணீர்க் குடத்தோடு நின்றாள். டமாரம் வெள்ளைக் கையுறையும் பெரிய தொப்பியுமாக முன்னால் வந்தான். கண்ணை நேராக வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். முன்வரிசையைக் கடக்கும்போது அவன் கண் ஒரு முறை அந்தப் பக்கம் போய்த் திரும்பியது. அடி தப்பவில்லை.

அப்போதுதான் ஆபீஸ் பியூன் மேடைக்குப் பின்புறமாக ஏறிக் கர்னலின் காதில் ஏதோ சொன்னான். கர்னல் திரும்பவில்லை. சல்யூட் வைத்த கையையும் இறக்கவில்லை. தாடை மட்டும் இறுகியது. அவளுக்கு விளங்கிவிட்டது. பையன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தான். கூட்டம் கை தட்டிக்கொண்டிருந்தது. முதலில் தெரிந்திருக்க வேண்டியவனுக்குத்தான் தெரியாது. குடத்தைக் கீழே வைத்துவிட்டு, வைத்த இடத்திலேயே நின்றாள்.

சீருடையைக் கழற்றும் முன்பே அவனை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். அவளையும் வரச் சொன்னார்கள். கர்னல் எழுந்து நின்றுதான் சொன்னார். பையன் விறைப்பாக நின்றான். தளர்ந்து நிற்கலாம் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை.

"எப்பலேருந்து சார் முடியாம இருந்தாங்க?"

கர்னல் சொன்னார். பையன் அவள் பக்கம் திரும்பினான்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்டா."

அவள்தான் பெட்டி கட்டினாள். ஜீப்பில் ஏறும்போது தலையில் கை வைத்தாள். அவன் தட்டிவிடவும் இல்லை, சாயவும் இல்லை.

காரியமெல்லாம் முடிந்து திரும்பி வந்தவன் அவளை மேட்ரன் என்று கூப்பிட்டான். எதன்மேலும் தாளம் போடவில்லை. படிப்பில் முன்னுக்கு வந்தான். "பார்த்தீங்களா, தேறிட்டான்" என்றார் கர்னல். அவள் ஸ்டோர் ரூமுக்கு மாற்றிவிடும்படி கேட்டுப் பார்த்தாள். அங்கே இடம் காலியில்லை, புதுப் பையன்கள் வரப்போகிறார்கள் என்றது ஆபீஸ்.

சில வருஷம் கழித்து அவன் படிப்பு முடிந்து பள்ளியை விட்டு வெளியேறும் விழா நாளில் அவன் அப்பா அவளைத் தேடிக்கொண்டு விடுதிக்கு வந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. சுவர் வளையத்தில் தொங்கிய துண்டுகளைப் பார்த்தபடி நின்றார்.

"என்கிட்டயும் அவன் அதிகம் பேசறதில்லைங்க" என்றார். "அன்னிக்கு நான் சொன்னது தப்பாங்க?"

அவள் யோசித்தாள். ஆமாம் என்று சொன்னால் அந்த மனுஷன் எங்கே போவார்? இல்லை என்று சொல்லவும் நாக்கு எழவில்லை.

"தெரியலைங்க. நானும் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துட்டேன்."

வெளியே போட்டோ எடுக்கிறவர் குடும்பத்தாரைக் கூப்பிட்டார். அப்பா போய் நின்றார். பையன் மரியாதையாக நகர்ந்து இடம் கொடுத்தான்.