அதிகப் புள்ளி எடுத்த வீடு

எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லையென்பதில் எனக்கு ஒரு காலத்தில் தாங்க முடியாத பெருமை இருந்தது. அப்போது நான் பள்ளிக்கூடத்தில் நாலாம் ஆண்டு. யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. உம்மாவும் வாப்பாவும் தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு, பல வருடம் முகாமில் கிடந்து, கடைசியில் பாலாவிக்குப் பக்கத்தில் இரண்டு அறையுள்ள ஒரு கல்வீட்டைக் கட்டிக்கொண்டவர்கள். வாப்பாவுக்கு உப்பளத்தில் வேலை.

அந்தத் தவணையில் எங்கள் டீச்சர் சுற்றாடலைக் காப்பாற்றப் புறப்பட்டார். வீட்டில் ஒரு கிழமைக்கு என்னென்ன பாவிக்கிறோம், என்னென்ன வீசுகிறோம் என்று ஒவ்வொருவரும் கொப்பியில் எழுத வேண்டும். குறைவாகப் பாவிக்கிற வீட்டுக்குக் கூடுதல் புள்ளி. நான் ஒன்றையும் விடவில்லை. உம்மா சந்தைக்குப் பன்புல்லில் பின்னிய பன் பையோடு போவதால் பொலித்தீன் சொப்பிங் பேக் சேர்வதில்லை. மின்குமிழ் இரண்டு, ஒன்று எரிந்தால் மற்றது அணைந்திருக்கும். கிணற்றுத் தண்ணீர் உவர், நல்ல தண்ணீர் பவுசர் லொறியில் வரவேண்டும் என்பதால் அரிசி களைந்த தண்ணீரும் தொழுகைக்கு வுளூச் செய்த தண்ணீரும் வாழைக்கு. மீன் தலை சோற்றுக்கு ஊற்றும் ஆணத்துக்கு, முள் பூனைக்கு. மூத்தவள் ராத்தாவின் சட்டை எனக்கு, எனக்குப் பிறகு அது அடுப்படியில் பிடிதுணி. புள்ளி போட்டுப் பார்த்தால் வகுப்பிலேயே எங்கள் வீடுதான் முதலாவது.

டீச்சர் என் கொப்பியைத் தூக்கிக் காட்டி, எல்லாரும் இப்படி வாழப் பழக வேண்டும் என்றார். கடைசி இடம் ஒரு கடை முதலாளியின் மகளுக்கு. அவள் வீட்டில் ஃபிரிட்ஜே இரண்டாம். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. டீச்சருக்கே இப்போதுதான் தெரியவந்த விஷயம் என் உம்மாவுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறதே என்று நினைத்து நினைத்து மெய்சிலிர்த்தேன்.

அடுத்த கிழமை ராத்தாவைப் பெண் பார்க்கக் கற்பிட்டியிலிருந்து ஆட்கள் வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். அவர்கள் வெங்காயத் தோட்டமும் சொந்தபந்தமுமாகக் காலங்காலமாய் அந்த ஊரிலேயே இருந்தவர்கள். ராத்தாவுக்கு முன்பு வந்த இரண்டு சம்பந்தங்களும், அகதிக் குடும்பம்தானே என்ற பேச்சோடு நின்றுபோயிருந்தன. இதுவும் தவறினால் பிள்ளையின் மனசு விட்டுப்போகும் என்று உம்மாவுக்குப் பயம்.

அதனால் பின்வீட்டு மாமியிடமிருந்து ஆறு கதிரை வந்தது. நிற்கிற மின்விசிறி ஒன்று வந்தது. பூப்போட்ட தேநீர்க் கோப்பைகள் வந்தன. பன் பை கட்டிலுக்கு அடியில் போனது. இத்தனை கதிரைகளைப் போட்டபின் காலை நீட்ட இடமில்லாமல், உம்மா தனக்கு மட்டும் ஒரு மூலையில் பாயை விரித்துக்கொண்டார். என்னைக் கூப்பிட்டு, "ஆக்கள் வந்தா வாயைத் திறக்கப்படாது, விளங்கினதா?" என்றார். விளங்கியது என்று தலையை ஆட்டினேன். ஆனால் எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. ஒரு மின்விசிறிக்கு எத்தனை புள்ளி குறையும் என்று எனக்கல்லவா தெரியும்.

மாப்பிள்ளையின் உம்மாவும் அவரோடு இரண்டு பெண்களும் வந்தார்கள். அந்த உம்மா நல்ல பருத்த மனுசி. வெயிலில் வந்தவர் மின்விசிறிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, "நல்ல காத்து. புதுசா வாங்கினதா?" என்று சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார்.

"அது எங்கட இல்ல," என்றேன் நான். "பின்வீட்டு மாமிட. கதிரையும் அவங்கடதான். நாங்க இதெல்லாம் பாவிக்கிறதில்ல, சுற்றாடலுக்குக் கூடாது."

சொன்னதோடு விட்டேனா? கொப்பியைக் கொண்டுவந்து முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். வாழைக்குப் போகும் தண்ணீரும் பூனைக்குப் போகும் முள்ளும் சபைக்கு வந்தன. நாலு பேருக்கு ஒரு சவர்க்காரம் என்பதை இரண்டு தரம் வாசித்தேன். உம்மா தேநீர்த் தட்டோடு வாசற்படியில் நின்றவர் நின்றபடியே நின்றார். யாரும் என்னை நிறுத்தவில்லை.

முடிந்ததும் அந்த மனுசி உம்மாவைப் பார்த்து, "புள்ள சொல்றது மெய்யா? விரும்பித்தான் இப்படி இருக்கிறீங்களா?" என்று கேட்டார்.

ஓம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மானம் கப்பலேறாமல் தப்பிவிடலாம். உம்மா தட்டைக் கீழே வைத்தார். "விருப்பமெண்டு ஒண்டுமில்ல," என்றார். "எங்களுக்கிட்ட இல்ல, அதால பாவிக்கல்ல. இருந்தா நாங்களும் பாவிப்பம்தான். உங்களுக்காகத்தான் இரவல் எடுத்தன், குறை நினைக்காதீங்க."

எனக்குத் தலையில் இடி விழுந்தது. இருந்தால் பாவிப்பாராம். முதலாம் இடம் எடுத்த வீட்டின் உம்மா சொல்கிற கதையா இது? அவர் குரல் நடுங்கியதோ, கண் கலங்கியதோ, நான் கவனிக்கவேயில்லை. எனக்கு அவர்மேல் அப்படியொரு கோபம் வந்தது.

அந்த மனுசி தட்டிலிருந்து ஒரு கோப்பையை எடுத்தார். தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு எழுந்து, கதிரையைச் சுவரோரம் தள்ளிவிட்டு, மூலைப் பாயில் வந்து சம்மணம் போட்டு இருந்தார்.

"இங்க வாங்க, இப்படி இருந்தாத்தான் எனக்கும் கதைக்க வரும்," என்று உம்மாவின் கையைப் பிடித்து இழுத்தார். "வேலையால வந்த உடன புள்ளைகள்ட வாப்பாக்கிட்ட நாள் பாக்கச் சொல்லுங்க. சீதனமெண்டு ஒரு கதையும் எங்களுக்கு வேணாம்."

உம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

நான் கொப்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனேன். அங்கே ராத்தா திரைச்சீலைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். அவளுக்காவது நடந்த அநியாயம் விளங்கியிருக்கிறதே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. கிட்டப்போய் அவள் காதுக்குள் மெதுவாகச் சொன்னேன்: "அழாத ராத்தா. உம்மா சொன்னத நான் டீச்சருக்குச் சொல்லவே மாட்டன்."