மைக் இல்லாத கச்சேரிக்கு மைக்செட் போட்ட கதை

மைக்செட் தொழிலில் சத்தம் நன்றாக இருந்தால் பாடியவருக்குப் பேர், கெட்டுப்போனால் நமக்குப் பேர். தொழிலில் இருக்கிற உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. பந்தல்காரருக்கும் ஜெனரேட்டர்காரருக்கும் இதே தலையெழுத்துதான். எனக்கு அநியாயம் செய்தவர்களில் முதல் ஆள் பேராசிரியர் ஞானசேகரன். நாமக்கல் போகிற சாலையில் ஒரு பல்கலைக்கழகம், பேர் வேண்டாம். அங்கே இசைத்துறைக்கு அவர்தான் தலைவர்.

இறக்கியதும் ஏற்றியதும்

அவர் ஆபீசிலிருந்து போன் வந்தது. பாட்டுக் கச்சேரி, பெரிய பாடகி வருகிறார், நல்ல செட்டாக வேண்டும் என்றார்கள். கச்சேரி எனக்குப் புதிதா? திருவிழாவுக்குக் கட்டுகிற பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ்களையே வேனில் ஏற்றினேன். எக்கோ மிஷினையும் மறக்கவில்லை. என் மனைவியின் தம்பி பழனி வண்டியை ஓட்டினான்.

மேடைக்கு இரண்டு பக்கமும் பாக்ஸை அடுக்கி, வழக்கப்படி முதலில் பிள்ளையார் பாட்டைப் போட்டேன். ஞானசேகரன் காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். வருகிற அம்மா பாடுவது மேல்நாட்டுச் சங்கீதமாம். பெண்குரலில் உச்சிக்குப் போகிற அந்த வகைக்கு சோப்ரானோ என்று பேராம். அவர்கள் மைக் வைத்துக்கொள்ளவே மாட்டார்களாம். பேச வருகிறவர்களுக்கு ஒரு மைக், ஓரமாக ஒரு சின்ன பாக்ஸ், அதுவே போதும் என்றார். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். இறக்கியதையெல்லாம் திரும்ப ஏற்றும்போது பழனி கேட்டான்: "ஏனுங்க மாமா, மைக்கே வேண்டாங்கற பாட்டுக்கு நம்மள எதுக்குங்க கூப்பிட்டாங்க, பந்தியில பரிமாறவா?"

கடைசி வரிசை

மத்தியானம் பாடகி வந்தார். பேர் ரோஸ்லின். இருப்பது பெங்களூரில், பிறந்தது மேட்டூரில். மேடையில் நின்று ஒரு தடவை கையைத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு ஃபேனையெல்லாம் நிறுத்தச் சொன்னார். சித்திரை வெயில், நிறுத்தியதும் ஹால் இட்லிக் குண்டான் மாதிரி ஆனது. என்னைக் கூப்பிட்டு, கடைசி வரிசையில் போய் உட்காருங்கள், பாட்டு தெளிவாகக் கேட்காவிட்டால் கையைத் தூக்குங்கள், மைக்கே வைத்துக்கொள்ளலாம் என்றார்.

நான் கையைத் தூக்கியிருந்தால் என் பாக்ஸெல்லாம் மறுபடி மேடையேறியிருக்கும். அன்றைக்கு எனக்கு அது ரொம்ப அவசியம். சாயங்காலம் என் சம்பந்தி வருவதாக இருந்தது. திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி வைத்திருக்கிறவர். என் மகள் கல்யாணத்தில், ஒயர் இழுக்கிற வேலைதானே என்று அவர் யாரிடமோ சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது. பல்கலைக்கழகத்திலேயே நம்மைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று காட்டத்தான் அவரை வரச் சொல்லியிருந்தேன்.

அந்த அம்மா பாடினார். ஒரு பையன் பியானோ வாசித்தான். பாஷை புரியவில்லை. ஆனால் குரல் அத்தனை நாற்காலியையும் தாண்டி வந்து என் பக்கத்தில் நின்றது. மூச்சு வாங்குகிற இடம்கூடக் கேட்டது. நான் பலதுக்குச் சண்டை போட்டிருக்கிறேன். சத்தத்தைப் பற்றி மட்டும் பொய் சொன்னதில்லை. கை மடியிலேயே கிடந்தது. கேட்கிறது என்று ஞானசேகரனிடமும் வாயால் சொன்னேன். பாடகி மேடையிலிருந்தே சொன்னார்: "அப்ப சரிங்கண்ணா, உங்க காதை நம்பித்தான் சாயங்காலம் பாடறேன்."

ஒரு பேஸ் போனது

சாயங்காலம் ஹால் நிறைந்துவிட்டது. சிறப்பு விருந்தினர் ஒரு கோழிப்பண்ணை முதலாளி. ஃபேன் சுற்ற, என் மைக் முழங்க, தன் பள்ளிக்கூட நாளிலிருந்து ஆரம்பித்துப் பேசினார். சம்பந்தி என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, சத்தம் கணீரென்று இருப்பதாகத் தலையாட்டினார். என் மனசு குளிர்ந்தது. ஞானசேகரன் எழுந்து பாடகியின் படிப்பு, பட்டம், பாடிய ஊர் எல்லாவற்றையும் சொன்னார். மைக் இல்லாமல் பாடுவார் என்ற ஒரு வரியை மட்டும் சொல்லவில்லை.

அவர் உட்கார்ந்ததும் பேசிவைத்தபடி நான் ஃபேனை நிறுத்தி, மைக் ஸ்டாண்டை எடுத்தேன். பாட்டு ஆரம்பித்தது. நம் ஊர்ச் சனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. மைக் இல்லையென்றால் உடனே கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்ப்பார்கள், மைக்செட்காரன் செத்தானா இருக்கிறானா என்று. அன்றைக்கு ஹாலே திரும்பியது. கரண்ட்டுல ஒரு பேஸ் போயிருச்சு, அதான் லைட் மட்டும் எரியுது என்று ஒருவர் கண்டுபிடித்துச் சொல்ல, அது வரிசை வரிசையாகப் பரவியது. முதலாளியோடு வந்த ஆள் குனிந்தபடியே என்னிடம் வந்து ஜெனரேட்டரைப் போடச் சொன்னார். நான் முன்வரிசையில் இருந்த ஞானசேகரனைக் கைகாட்டினேன். ஞானசேகரன் என்னைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். அப்புறம் மேடையைப் பார்த்துக்கொண்டார்.

என் சம்பந்திக்கு போர் போடுகிற ரிக் வண்டிச் சத்தத்தில் பாதிக் காது போய்விட்டது. அவர் என் பக்கம் சாய்ந்து, ஆறுதலாகச் சொன்னார்: "பாட்டு நல்லாத்தானுங்க காதுல உழுகுது சம்பந்தி, உங்க மைக்குதான் கெட்டுப்போச்சுங்களாட்ட இருக்குது."

நன்றியுரை

மூன்றாவது பாட்டுக்குள் ஹால் அடங்கிவிட்டது. வேர்வையைத் துடைக்கிறவர்கள்கூடச் சத்தமில்லாமல் துடைத்தார்கள். முடிந்ததும் கைதட்டல் ஓயவே இல்லை. இனி நன்றியுரை. 'ஒலி அமைத்துக் கொடுத்த சென்னியப்பன் சவுண்ட் சர்வீஸ் உரிமையாளர் அவர்களுக்கு' என்று கடைசியில் ஒரு வரி வரும். எந்த ஊர் மேடையிலும் அது நம் பங்கு. அதைக் கேட்கத்தானே சம்பந்தியைக் கூட்டி வந்தேன். நானே ஓடிப்போய் மைக்கைத் திரும்ப வைத்தேன்.

பொன்னாடை வாங்கும்போது கோழிப்பண்ணை முதலாளி, ஞானசேகரனின் காதில் ஏதோ சொன்னார். அடுத்த நிமிஷம் ஞானசேகரன் மைக்கைப் பிடித்தார். எல்லோருக்கும் நன்றி சொன்னார். பூ கொண்டுவந்தவருக்கும் சொன்னார். கடைசியில் என்னைப் பார்க்காமல், "சவுண்டு சிஸ்டத்தில் ஏற்பட்ட சிறு கோளாறுக்காக, சிறப்பு விருந்தினர் அவர்களிடம் வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறோம்" என்றார். என் மைக்கில், என் பாக்ஸில், ஒரு எழுத்து பிசகாமல் ஹால் முழுக்கக் கேட்டது.

நடந்ததைச் சம்பந்தியிடம் விளக்கினேன். மைக் வேண்டாம் என்று சொன்னதே அந்த ஆள்தான் என்றேன். தொட்டில் பிள்ளைக்குத் தலையாட்டுவது போல ஆட்டிவிட்டு, என் தோளைத் தட்டினார்: "இருக்கட்டும் உடுங்க சம்பந்தி, எங்க ரிக்கும்தான் நடுவால நின்னுபோகுது."

ஒயர் சுற்றும்போது

சம்பந்தி சாப்பிடப் போய்விட்டார். நான் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். பாடகி மேடையிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்து, கேட்டதா என்று விசாரித்தார். கேட்டது, மத்தியானத்தைவிட நன்றாகவே கேட்டது என்றேன். இதை என் சம்பந்தியிடம் வந்து சொல்லுங்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் ஞானசேகரன் போட்டோ எடுக்க அவரைக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது திரும்பி அந்த அம்மா சொன்னது: "எல்லாரும் நல்லா இருந்துச்சுன்னாங்கண்ணா, கேட்டுச்சான்னு உங்ககிட்டத்தான் கேக்கணும்."

மைக் டெஸ்ட்

போன தை மாதம் ராசிபுரத்தில் ஞானசேகரன் மகளுக்குக் கல்யாண வரவேற்பு. அந்த மண்டபத்தில் எப்போதும் நம் செட்தான். அவர் நன்றி சொல்ல மேடையேறியபோது மைக்கை நானே கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். வாழ்த்தும் சொன்னேன். அப்புறம், அன்றைக்கு மைக் வேண்டாம் என்றது யார் என்று ஒரே வரி இதில் சொல்லிவிடுங்கள், சம்பந்திக்கு அனுப்பிக்கொள்கிறேன் என்றேன். கீழே பழனி செல்போனைத் தூக்கிப் பிடித்துத் தயாராக நின்றான்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். மைக்கை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். மண்டபமே அமைதியானது. "ஹலோ, ஹலோ... இன்னைக்குச் சவுண்டு அருமையா இருக்குதுங்க."

இந்த வட்டாரத்தில் மைக் பிடிக்கிறவர்கள் எல்லோரும் என்றைக்காவது என் மைக்குக்கு வந்துதான் தீர வேண்டும் என்பதால், அந்த ஒரு வரி பாக்கியை வசூலிக்காமல் நான் தொழிலை விடுவதாக இல்லை.