குட் மார்னிங் வராத காலை

புது பேட்டரி போட்டு ஆன் செய்ததுமே அந்த போன் அலறியது. எடுத்து "ஹலோ" என்றேன்.

"அரே, யார் நீ? ஸ்டெல்லா டீச்சர் போன் உன் கையில எப்படி வந்துச்சு?" என்றது ஒரு பெண் குரல்.

விஷ்ராந்த்வாடியில் எனக்கு மொபைல் ரிப்பேர் கடை. ஸ்டெல்லா டீச்சர் ரிட்டயரானவர், தனியாக வசிப்பவர். முந்தின நாள் மாலைதான் போனைக் கொடுத்துவிட்டுப் போனார்.

"ஸ்டோரேஜ் முழுக்க ரோஜாப்பூ குட் மார்னிங் படம்தான் டீச்சர். அழிச்சிடவா?" என்று அப்போதே கேட்டேன்.

"அதுல மட்டும் கை வெச்சிடாதே!"

வேலை வெட்டி இல்லாதவர்களின் விளையாட்டு என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

"ரிப்பேருக்கு வந்த போனுங்க" என்று அந்தக் குரலிடம் சொன்னேன். நம்பினால்தானே!

"காலைல குட் மார்னிங் வரல. ஓடி வந்து பார்த்தா வீடு பூட்டியிருக்கு. இப்ப போன்ல ஒரு ஆம்பளக் குரல்! கடை எங்க? வர்றோம்!"

சொன்னபடி ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார்கள். போனில் பேசியவர் சாங்வி ஏரியாவில் இருக்கும் மேரி ஆன்ட்டி. கூட வந்த தாமஸ் சார் கைத்தடியை ஓங்கியபடியே கடைக்குள் நுழைந்தார். இவர்களும் டீச்சரும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள், இப்போது தனித்தனியாக இருப்பவர்கள்.

"டீ குடிக்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் எங்க குரூப்ல ஒரு குட் மார்னிங் படம் போட்டாகணும். ஒருத்தர் போடலேன்னா மத்தவங்க அவங்க வீட்டுக்குக் கிளம்பிடணும். பாத்ரூம்ல விழுந்து கிடந்த தாமஸ அப்படித்தான் காப்பாத்தினோம்" என்றார் ஆன்ட்டி. டீச்சர் எங்கேதான் போனார்?

அந்த நேரம் பார்த்து, கையில் காய்கறிப் பையோடு டீச்சரே போன் வாங்க வந்து நின்றார். ஆன்ட்டி கட்டிப்பிடித்து அழுதார். அழுகை அடங்கியதும் திட்டு ஆரம்பமானது.

"ரிப்பேர்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எதுல சொல்றது மேரி? போன்தான் இவன்கிட்ட இருக்கே!"

கடையே சிரித்தது. "நீயும் ஒண்டிக்கட்டைதானே?" என்று என்னையும் அந்த குரூப்பில் சேர்த்துவிட்டார்கள்.

இளம் மெக்கானிக்குகளுக்கு ஒன்று சொல்வேன். பெரியவர்கள் போனை வாங்கி வைக்குமுன், அவர்களுக்காகக் காத்திருப்பவருக்கு உங்கள் போனிலிருந்து ஒரு தகவல் சொல்லிவிடுங்கள். அப்புறம் ஸ்க்ரூவைக் கழற்றலாம்.

போன மாதம் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் படுத்துக் கிடந்தேன். கதவு இடிபட்டது. தட்டுத்தடுமாறித் திறந்தால், கைத்தடியோடு தாமஸ் சார்.

"ஏம்ப்பா, இன்னிக்கு உன் ரோஜாப்பூ எங்க?"