மாநாட்டு நாளில் தம்பியின் வழக்குக்குப் போன வழி

அகதி வழக்குக்காக லண்டனில் லூயிஷாமிலிருந்து இஸ்லிங்டன் பக்கத்து நீதிமன்றத்துக்குப் போக இருப்பவர்களுக்கு இது உதவலாம். என் தம்பி ரூபனின் அப்பீல் விசாரணை ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. அதே வாரம்தான் எங்கள் நாட்டின் புதிய தலைவர் லண்டனில் ஒரு மாநாட்டுக்கு வந்திருந்தார். சண்டை நின்று சில மாதங்கள். எங்கள் சனம் முழுக்கச் சந்தோஷத்தில் இருந்தது. எனக்கு மட்டும் அந்தச் சந்தோஷம் வரவில்லை. சமாதானம் வந்துவிட்டது என்று இங்கே நம்பிவிட்டால் தம்பியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எட்டுப் பத்துக்கு ரயில் எடுத்து, எட்டரைக்கு லண்டன் பிரிட்ஜில் இறங்கினோம். பஸ்ஸுக்கு ஆளுக்கு ஒரு பவுண்ட். ஆற்றைத் தாண்டியதும் பஸ் நின்றது. மாநாட்டுக் கார்கள் போவதற்காக முன்னால் வீதியை மறித்திருந்தார்கள். இருபத்தைந்து நிமிடம் அசையவில்லை. நடந்தால் முந்திப் போகலாம் என்று சொல்லி டிரைவர் கதவைத் திறந்துவிட்டார். மிச்சம் ஒன்றரை மைல். நேரத்துக்குப் போகாவிட்டால் ஆள் இல்லாமலே தீர்ப்பு எழுதிவிடுவார்கள் என்று எங்கள் வக்கீல் வெருட்டியிருந்தார். என் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு தம்பி முன்னால் ஓட, நான் இரைக்க இரைக்கப் பின்னால் போனேன். ஒன்பது ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

வாசலில் பையைச் சோதித்தார்கள். என் மனைவி கட்டித் தந்த இடியப்பப் பார்சல் வெளியே வந்தது. சுற்றியிருந்த தமிழ்ப் பேப்பரில் தலைவர் யாருடனோ கைகுலுக்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு உயிர் போய் வந்தது. காவலாளி மூக்கருகில் வைத்து மணந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான். பயந்ததில் பிரயோசனம் இல்லை. உள்ளே அரசாங்கத் தரப்பு வக்கீலிடம் அதே படம் இங்கிலிஷ் பேப்பரில் இருந்தது.

உங்கள் தலைவரே வந்து சமாதானம் பேசுகிறார், இனி என்ன பயம் என்று அவர் கேட்டார். பயம் என்று மட்டும் சொல்லு என வழி முழுக்க நான் படிப்பித்திருந்தேன். தம்பி அதைச் சொல்லவில்லை.

"எங்கட வீட்டில ஆமி முகாம் போட்டிருக்குது, ஐயா. அவையள் எழும்பிப் போனா நான் நாளைக்கே போறன்."

மொழிபெயர்க்க வந்த பெண் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுத்தான் அதைச் சொன்னார். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அந்த மாநாடு குழம்பிப்போக வேண்டும் என்று சிவன் கோயிலில் நேர்ந்துவிட்டு வந்தவன் நான். தம்பியின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

போகிறவர்கள் இரண்டரை மணித்தியாலம் முந்திப் புறப்படுங்கள். வீதி மறிப்பு உண்டா என்று முதல் நாளே விசாரியுங்கள். உங்கள் வீட்டிலும் ஆமி இருந்தால் ஊர்க் கிராம சேவகரிடம் அதற்கு அத்தாட்சியாக ஒரு கடிதம் எடுத்து வையுங்கள். எங்களுக்கு அந்த யோசனை வரவில்லை. ஐந்து கிழமை கழித்து அப்பீல் தள்ளுபடி என்று தீர்ப்பு வந்தது. ஏழு பக்கத்தில் மாநாடு மூன்று இடத்தில் இருந்தது. எங்கள் வீடு ஓரிடத்திலும் இல்லை.