வேலிக்கு மேலால் ஒரு பொத்தி

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு நான் பேனை பிடித்தது கையொப்பம் போடத்தான். மூன்று ‘ன’வில் எது எங்கே வரும் என்பது இன்றும் எனக்குக் குழப்பம். ஒற்றுப் போடவேண்டிய இடத்தில் விட்டிருப்பேன், வேண்டாத இடத்தில் போட்டிருப்பேன். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பிழைகளில் பாதியை என் மனைவி திருத்தியிருக்கிறார். மீதி அவருடைய கண்ணுக்கும் தப்பியவை.

நான் இருப்பது வேலணையில். வீட்டுக்குப் பின்னால் கிணறு, கிணற்றைச் சுற்றி முப்பது நாற்பது வாழை. குளிக்கிற தண்ணீரும் உடுப்புத் தோய்க்கிற தண்ணீரும் வாய்க்காலால் அவற்றுக்குத்தான் ஓடும். மொந்தனும் கதலியும் வைத்திருக்கிறேன். வாழைப்பூவை எங்கள் பக்கத்தில் பொத்தி என்போம். குலையில் கடைசிச் சீப்பு விரிந்த பிறகு பொத்தியை முறித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் காய் தடிக்காது. முறித்ததை நான் அநேகமாக ஆட்டுக்குப் போட்டுவிடுவேன். அப்போது நான் தனி ஆள். ஒரு பொத்தியை உரித்து, அரிந்து, ஊறவைத்து, பிழிந்து வறை வறுக்கிற பொறுமை எனக்கு இருக்கவில்லை.

இரண்டு தங்கச்சிமாரைக் கட்டிக்கொடுத்ததில் வயது போய்விட்டது என்று கேட்பவர்களுக்குச் சொல்வேன். அது பாதி உண்மை. மற்றப் பாதி என் கூச்சம். முப்பது வயதில் என்னைப் பெண் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் நான் தலையை மட்டும் ஆட்டினேன். பெண்ணின் தாய் என்னைக் கூட்டிப்போனவரிடம், “மாப்பிள்ளைக்குக் கதை வருமோ?” என்று கேட்டார். அதோடு அந்தப் பேச்சு நின்றது. பிறகு ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கச் சொல்லவில்லை.

பக்கத்து வளவில் மினிபஸ் ஓட்டுகிற ஒருவர் குடும்பத்தோடு இருக்கிறார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நான் அவரை அண்ணை என்பேன். அதனால் அவருடைய பெண்பிள்ளைகள் இருவரும் என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுவார்கள். நான்கு வருடத்துக்கு முன்னர் அவருடைய தங்கை அனலைதீவிலிருந்து வந்து அவர்களோடு இருக்கத் தொடங்கினார். கணவர் நோய் வருத்தத்தில் இறந்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. மாமியாரைக் கடைசிவரை பார்த்து, அவரும் போன பிறகுதான் தமையன் வீட்டுக்கு வந்தார்.

இரண்டு வளவுக்கும் நடுவில் நெஞ்சளவில் ஒரு கிடுகு வேலி. ஒரு காலையில் நான் பொத்தியை முறித்து ஆட்டுக் கொட்டிலுக்கு எறியக் கை ஓங்கினேன். வேலிக்கு அங்கால் இருந்து அந்தத் தங்கையின் குரல் வந்தது.

“அண்ணை, அதை ஆட்டுக்கோ போடப்போறியள்?”

நான் கையை இறக்கிவிட்டு நின்றேன்.

“ஆட்டுக்கு வேற ஏதும் கிடைக்கும். அதை இஞ்சாலை தாங்கோவன்.”

வேலிக்கு மேலால் நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார். ஏதாவது சொல்லவேண்டும் போல இருந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன்: “இந்தாரும் தங்கச்சி.”

ஊரில் என்னைவிட இளைய பெண்கள் எல்லோரையும் நான் அப்படித்தான் கூப்பிடுவேன். வேறு சொல் என்னிடம் இருக்கவில்லை. அந்தச் சொல் பிறகு என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல.

அன்று மத்தியானமே ஒரு கிண்ணத்தில் வறை வந்தது. தேங்காய்ப்பூ உதிரியாக, பச்சைமிளகாய் வாசத்தோடு, பொத்தியின் கயர்ப்பு நாக்கின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தெரிகிற பதத்தில் இருந்தது. சோறு இரண்டாம் தரம் போட்டேன். கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. நாலு தேசிக்காய் போட்டுக் கொடுத்தேன். அடுத்த முறை முருங்கைக்காய், பிறகு முட்டை. இப்படியே பொத்தி அந்தப் பக்கம் போகும், கிண்ணம் இந்தப் பக்கம் வரும்.

ஆறு மாதம் போயிருக்கும். ஒரு கலியாணத்துக்காக அவர் அனலைதீவுக்குப் போய் ஐந்து நாள் நின்றார். அந்த ஐந்து நாளில் மூன்று பொத்தி முறித்தேன். மூன்றும் கிணற்றுக்கட்டில் வதங்கிக் கிடந்தன. ஆட்டுக்குப் போடவும் மனம் வரவில்லை. ஐந்தாம் நாள் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. இவரைக் கலியாணம் செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது.

ஆசை வந்தது சரி. ஆறு மாதமாகத் தங்கச்சி என்று கூப்பிட்ட ஒருவரிடம் அதை என்னென்று கேட்பது? அவரும் என்னை அண்ணை என்கிறார். ஒவ்வொரு முறை அந்தச் சொல்லைக் கேட்கும்போதும் வேலியில் இன்னும் ஒரு கிடுகு வைத்துக் கட்டுவது போல இருக்கும். என்னால் முடிந்த ஒன்றைச் செய்தேன். தங்கச்சி என்பதை விட்டேன். அதற்குப் பதிலாக வைக்க வேறு சொல் இல்லை. செருமுவேன். வாளியைக் கிணற்றுக்கட்டில் தட்டுவேன். ஆள் திரும்பிப் பார்த்தால் பொத்தியை நீட்டுவேன்.

எனக்கும் கை இருக்கிறது என்று காட்ட, ஒரு நாள் நானே வறை வறுத்தேன். மடலை உரித்தேன், பூக்களை எடுத்தேன், பலகையில் வைத்து அரிந்தேன். அரிந்ததை அப்படியே தட்டில் விட்டுவிட்டு அடுப்பு மூட்டப் போனேன். திரும்பி வரும்போது எல்லாம் கறுத்துப்போயிருந்தது. சமைத்தால் சரிவரும் என்று நினைத்தேன். வரவில்லை. இருந்தாலும் வாளியைத் தட்டிக் கிண்ணத்தை நீட்டினேன். அன்று வேலியடியில் நின்றது அவர் அல்ல, அவருடைய மச்சாள், அதாவது பஸ் ஓட்டுகிற அண்ணையின் மனைவி. அந்த அக்காவின் வாய்க்கு ஊரில் எல்லோரும் பயம்.

கிண்ணத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“இது என்ன, தின்னவோ? றோட்டுக்குத் தாராப் போடவோ?”

எனக்குக் காது சுட்டது. உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அது யாருடைய சிரிப்பு என்று தெரிந்தபடியால் எனக்குக் கோபம் வரவில்லை.

பிறகு ஐப்பசியில் பஸ் ஓட்டுகிற அண்ணையின் தாயின் திவசம் வந்தது. அந்த அம்மாவுக்குப் பொத்தி வறை என்றால் உயிராம். நாற்பது பேருக்குச் சமையல், எட்டுப் பொத்தி வேண்டும் என்றார்கள். என்னிடம் நாலு இருந்தது. மற்ற நாலையும் தெரிந்த தோட்டத்தில் வாங்கிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன். முதல் நாளே உரித்து வைத்தால்தான் காலையில் சமைக்கலாம் என்று அக்கா சொன்னார். பொத்தியை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினேன்.

“எங்கை போறியள்? எட்டுப் பொத்தியும் நாங்கள் ரண்டு பேரும் உரிக்கிறதோ? இருங்கோ தம்பி,” என்றார் அக்கா.

இருந்தேன். பஸ்காரர் ஓட்டத்துக்குப் போயிருந்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடம். குசினி விறாந்தையில் பாய் விரித்து அக்கா, அவர், நான் என்று மூன்று பேர். நடுவில் ஒரு பெரிய சட்டியில் உப்பும் மஞ்சளும் தேசிக்காய்ப் புளியும் விட்ட தண்ணீர். அவர் என் பக்கம் தேங்காயெண்ணெய்ப் போத்தலைத் தள்ளினார்.

“கையிலை பூசுங்கோ. இல்லாட்டிக் கயர் ஒரு கிழமைக்குப் போகாது.”

பூசினேன். பொத்தியை எப்படி உரிப்பது என்று அன்றுதான் சரியாகப் பார்த்தேன். சிவப்பு மடல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, உள்ளே சீப்புச் சீப்பாக இருக்கும் பூக்களை எடுக்க வேண்டும். ஒவ்வொரு பூவுக்குள்ளும் தலை தடித்த ஒரு விறைப்பான நரம்பு நிற்கும். அந்த வீட்டில் அதைக் கள்ளன் என்பார்கள். அது வேகாது, பல்லில் நாராக அகப்படும். அதைப் பிடுங்கிவிட வேண்டும். மடல் வெள்ளையாகி, குருத்து மாதிரி வந்ததும் நிறுத்தி, அந்தக் குருத்தை முழுசாக அரியலாம். அரிய அரிய, காற்றுப் படாமல் தண்ணீருக்குள் போட வேண்டும். என் கறுத்த வறையில் நான் கள்ளனைப் பிடுங்கவும் இல்லை, அரிந்ததைத் தண்ணீரில் போடவும் இல்லை.

மூன்று பொத்தி உரித்து முடிந்தது. எனக்குச் சட்டி கொஞ்சம் தூரமாக இருந்தது.

“இஞ்சை… அந்தச் சட்டியை…” என்றேன்.

அவர் சட்டியை நகர்த்தினார். “கத்தி வேணுமோ?” என்று கேட்டார். அவ்வளவுதான்.

அக்கா கையிலிருந்த பூவைக் கீழே போட்டார்.

“இப்ப ஒரு மாதமாப் பாக்கிறன். உங்கடை வாயிலை தங்கச்சியைக் காணேல்லை. இவளின்ரை வாயிலை அண்ணையையும் காணேல்லை. என்ன, ரண்டு பேருக்கும் கோவமோ?”

நான் அவரைப் பார்த்தேன். அவர் பொத்தியைப் பார்த்தார். நான் என் சொல்லை விழுங்குவதிலேயே கவனமாக இருந்ததால், அவர் தன் சொல்லை விட்டது எனக்குத் தெரியவே இல்லை. அண்ணை என்று அவர் கடைசியாக எப்போது கூப்பிட்டார் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

“கோவம் இல்லை,” என்றேன்.

“அப்ப எனக்கு ஒரு விசயம் தெரியவேணும். என்ரை பிள்ளையள் உங்களைச் சித்தப்பா எண்டெல்லோ கூப்பிடுறது? அப்பிடியே விடட்டோ, மாமா எண்டு மாத்தட்டோ? இப்பவே சொன்னால் நல்லம். பிறகு மாத்தக் குழந்தையளுக்குக் கஷ்டம்.”

எங்கள் முறையில் அப்பாவின் தம்பி சித்தப்பா, அப்பாவின் தங்கையைக் கட்டியவர் மாமா. இதற்குமேல் பச்சையாக ஒருவர் கேட்க முடியாது. என் கையில் பாதி உரித்த பூ. கை முழுக்க எண்ணெயும் கயரும். எழும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். போனால் அந்த வீட்டுப் பக்கம் இனி வர முடியாது. இருந்தால் வாய் திறக்க வேண்டும்.

“மாத்தலாம்,” என்றேன்.

என் வாழ்க்கையில் நான் கேட்காமல் விட்டதெல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லில் கேட்டுவிட்டேன். ஆனால் பதில் சொல்லவேண்டியவர் அக்கா இல்லையே. சொல்லவேண்டியவர் குனிந்தபடி பூவைச் சட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு சீப்பு முழுவதும் கள்ளனோடு போய்விட்டது.

“மச்சாள், கள்ளன் எல்லாம் உள்ளுக்குப் போகுது,” என்றார் அக்கா. “உமக்கு என்ன, வாய் இல்லையோ?”

அவர் தண்ணீருக்குள் கைவிட்டு அந்தப் பூக்களைத் துழாவி எடுத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்:

“எனக்கு அண்ணை எண்டு கூப்பிட அண்ணை ஒருத்தர் இருக்கிறார். அது போதும்.”

மீதி ஐந்து பொத்தியை எப்படி உரித்தோம் என்று எனக்குத் தெரியாது. அக்கா மட்டும் கதைத்துக்கொண்டே இருந்தார்.

பின்னேரம் பஸ்காரர் வந்தார். அக்கா அவரை அறைக்குள் கூப்பிட்டுச் சொன்னார். நான் முற்றத்தில் நின்றேன். ஓடிவிடவில்லை என்பதை இன்றுவரை எனக்குப் பெருமையாக வைத்திருக்கிறேன். அவர் வெளியில் வந்து, கால் கழுவி, துவாயால் முகம் துடைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார்.

“ஐசே, நீர் வாய் திறக்காத ஆள் எண்டெல்லோ நான் இந்த வேலியை மதிலாக்காமல் விட்டனான்?”

அவர் துவாயைத் தோளில் போட்டார்.

“சரி. அம்மாவின்ரை திவசம் முடியட்டும். பிறகு கதைப்பம். இப்ப போய்ச் சாப்பிடும்.”

அந்தப் ‘பிறகு’ இரண்டு மாதம் இழுத்தது. அனலைதீவிலிருந்து ஒரு பெரியப்பா படகேறி வந்து, நாற்பதைத் தாண்டின பிறகு இவளுக்கு என்னத்துக்கு என்று கேட்டார். பஸ்காரர் அவரிடம், “அவளைக் கேளுங்கோ” என்றாராம். பெரியப்பா கேட்டார். ஓம், எனக்கு வேணும் என்று அவர் சொன்னார். நான் அந்த இடத்தில் இல்லை. இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. தையில் பதிவுகாரர் வீட்டுக்கு வந்தார். கோயிலில் ஒரு தாலி, பத்துப் பதினைந்து பேருக்குச் சாப்பாடு.

இப்போது பொத்தி வேலியைத் தாண்டுவதில்லை. நான் முறித்துக்கொண்டு வருவேன், இரண்டு பேரும் உரிப்போம். கள்ளன் பிடுங்குவது என் வேலை. அரிவதும் பிழிவதும் அவர். கையால் இறுக்கிப் பிழிந்து, வெங்காயமும் கறிவேப்பிலையும் வதங்கிய சட்டியில் போட்டு, மூடாமல் வறுத்து, கடைசியில் தேங்காய்ப்பூ. மூடினால் தண்ணீர் விட்டுக் களியாகிவிடும் என்பார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஒரு கிழமையிலேயே மாமாவுக்கு மாறிவிட்டார்கள். அக்கா பயந்தது போலக் கஷ்டம் ஒன்றும் இருக்கவில்லை.

சண்டை ஒன்று மட்டும் முடியவில்லை. நான்தான் முதலில் தங்கச்சியை விட்டேன் என்பேன். இல்லை, அதற்கு முன்னமே அண்ணையை விட்டது தான்தான் என்பார். அனலைதீவுக்குக் கலியாணத்துக்குப் போக முந்தியே விட்டாராம். அப்படியென்றால் நான் கிணற்றடியில் மூன்று பொத்தியை வைத்துக்கொண்டு நின்றபோது அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்கு அதை ஒப்புக்கொள்ள மனமில்லை, கேட்டுக்கொண்டிருக்க விருப்பம்.

“ரண்டு பேரும் நாள் குறிச்சு வைக்கேல்லை,” என்றார் நேற்று. “இதையெண்டாலும் எழுதி முடிச்சால் நாளைப் போடுங்கோ. பிறகு இதுக்கும் வழக்கு வரும்.”

புரட்டாதி மாதம், மூன்றாம் சனிக்கிழமை.