என்னை மூச்சுத் திருடன் என்றார்கள்

சடுகுடு ஆடி நான் வயிறு வளர்த்திருக்கிறேன். சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் கழிந்த சமயத்தில் தொடங்கி, ஏறக்குறைய பத்துக் கோடை அப்படி ஓடியது. இராமநாதபுரத்தைச் சுற்றி எந்த ஊர்க் கண்மாய் வற்றிப் பொட்டலானாலும் என்னைக் கூப்பிட ஆள் வந்துவிடும். கூப்பிட்ட ஊருக்கு ஆடுவேன். போன வருடம் யாருக்காக ஆடினேன் என்று பார்க்க மாட்டேன். ஆட்டம் முடியும்வரை சாப்பாடு, ஒரு வேட்டி, ஜெயித்தால் ஒரு சிப்பம் மிளகாய் வற்றல். "சோத்துக்கு ஆடுறவன்" என்று ஏசினார்கள். ஏசியவர்களே அடுத்த கோடையில் ஆள் அனுப்பினார்கள்.

எனக்குச் சொந்த ஊர் புதுமடம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுச் சங்கு குளிக்கப் போனேன். வத்தை என்கிற சிறு படகில் போய், கடலுக்குள் இறங்கி, அடியில் மணலைத் தடவிச் சங்கை எடுத்துக்கொண்டு மேலே வர வேண்டும். இறங்குவதற்கு முன் வத்தை விளிம்பைப் பிடித்தபடி நிதானமாக மூச்சை இழுத்து இழுத்து விடுவோம். கடைசி மூச்சை அடிவயிறு வரைக்கும் இறக்கிக்கொண்டு முங்குவோம். ஐந்தாவது பருவத்தில் என் இடது காது கிழிந்தது. ரத்தமும் சீழும் வடிந்து ஆறிய பிறகு அந்தக் காது கேட்கவில்லை. அதோடு கடலை விட்டேன். பாம்பனில் சரக்கு இறக்கினேன், உப்பளத்தில் உப்பு வாரினேன். எங்கும் மூன்று மாதம் சேர்ந்தாற்போலத் தங்கியதில்லை. காது போனாலும் மூச்சு என்னோடு வந்தது.

சடுகுடுவில் அதுதானே முதல். எதிராளிகளின் களத்துக்குள் ஒரே மூச்சில் பாடிக்கொண்டே போய், ஆளைத் தொட்டு, நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். இடையில் மூச்சு இழுத்தால் அவுட். மற்றவர்கள் தொடை தட்டிக்கொண்டு ஓடுவார்கள். நான் கோட்டருகில் கண்ணை மூடி நின்று, வத்தையில் செய்ததைச் செய்துவிட்டுத்தான் போவேன். "என்னய்யா, பாய் ஆட வந்தாரா, தொழுக வந்தாரா?" என்று கூட்டம் சிரிக்கும். வலது பக்கத்திலிருந்து வருகிற கேலி மட்டும்தான் என் காதில் விழும். பாதிக் கேலியோடு தப்பித்தேன்.

பிடிக்கிறவர்கள் களைத்து நிற்கும்போதும் நான் பாடிக்கொண்டிருப்பேன். அதனால் சந்தேகமும் கூடவே வளர்ந்தது. மூச்சைத் திருடுகிறான் என்றார்கள் சிலர். இடுப்பில் கட்டியிருக்கிற தாயத்தில் மந்திரம் இருக்கிறது என்றார்கள் சிலர். அந்தத் தாயத்து, நான் முதல்முறை வத்தை ஏறியபோது சுறா அண்டாமலிருக்க என் உம்மா தர்காவில் ஓதிக் கட்டியது. தண்ணீரே இல்லாத ஊர்களில் அதைப் பார்த்துப் பயந்தார்கள்.

எல்லாம் முற்றியது நயினார்கோவில் பக்கத்தில் ஒரு கண்மாயில். அந்த வருடம் என்னைக் கூப்பிட்ட ஊரின் தலைவர் நிலம் உழுகிற ஒரு சம்சாரி. அவர் என்னை மாப்ள என்பார், நான் மாமா என்பேன். அரையிறுதி ஆட்டத்தின் கடைசிப் பாட்டு என்னுடையது. எதிர்க்கட்சியில் ஒரு பிடிகாரர் இருந்தார். கரிசலில் ஏர் பிடித்துக் காய்த்த கை. என் கணுக்காலைப் பிடித்தார், நான் அவர் தோளுக்கு மேல் குப்புற விழுந்தேன். மேலே இன்னும் இரண்டு பேர் விழுந்தார்கள். கோடு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, மூச்சோ தீர்ந்துவிட்டது. முகம் புழுதிக்குள் இருந்தது, கூட்டம் கத்தியது, நடுவர் அந்தப் பக்கம் நின்றார்.

எடுத்தேன். ஒரு மிடறு மூச்சு. அதை வைத்துக்கொண்டு இரண்டு சடுகுடு பாடிக் கையை நீட்டிக் கோட்டைத் தொட்டேன்.

நடுவர் எங்களுக்குக் கொடுத்தார். பிடிகாரர் என் காலை விடவே இல்லை. "மூச்சு இழுத்தான்யா. இவன் வயிறு என் தோள்ல இடிச்சது. பிடிச்சிருந்தவனுக்குத் தெரியாதா?" என்றார்.

"தோத்தவுக எல்லாரும் இதத்தான் சொல்றாக," என்றார் எங்கள் தலைவர்.

கைகலப்பாகும் போலிருந்தது. ஆட்டத்தை நடத்திய உள்ளூர்ப் பள்ளித் தலைமையாசிரியர் நடுவில் வந்து நின்று தீர்ப்புச் சொன்னார். இறுதி ஆட்டம் மூன்றாம் நாள். அன்று காலையில் எல்லார் முன்னாலும் என் மூச்சைச் சோதிப்பார்கள். தேறாவிட்டால் எங்கள் ஊர் வெளியே போகும். நானும் அந்த வட்டாரத்தில் எந்தப் பொட்டலிலும் இனிமேல் கால் வைக்க முடியாது.

களத்தை விட்டால் எனக்கு வேறு பெயர் கிடையாது. உப்பளத்தில் நான் ஒரு கூலி. பாம்பனில் செவிட்டுப் பாய். இந்தப் பொட்டல்களில் மட்டும்தான் நான் வருகிறேன் என்று தெரிந்தால் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள்.

சோதனையன்று முதலில் தாயத்தைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினேன். வாங்கிக்கொள்ள யாரும் கை நீட்டவில்லை. எங்கள் தலைவர்தான் "கொண்டா மாப்ள, என்னையச் சுறா கடிக்கப் போகுதாக்கும்" என்று வாங்கித் தன் வேட்டி மடியில் முடிந்துகொண்டார். பிறகு தலைமையாசிரியர் தலையணையிலிருந்து பிரித்த இலவம்பஞ்சில் ஒரு சிட்டிகை எடுத்து, கஞ்சி தடவி, என் மேலுதட்டில் ஒட்டினார். மூச்சு வெளியே போகும்வரை பஞ்சு முன்னால் பறக்கும். உள்ளே இழுத்தால் மூக்கில் அப்பிக்கொள்ளும். அப்படியே பாடிக்கொண்டு களத்தை மூன்று சுற்று வர வேண்டும். அவர் என்னோடு பின்பக்கமாக நடந்தபடி பஞ்சைப் பார்ப்பார்.

நின்றேன். கண்ணை மூடினேன். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

மூன்று சுற்று வந்தேன். நாலாவதும் வந்தேன், யாரும் கேட்காமலே. பஞ்சு ஒரு தடவைகூடப் பின்னால் சாயவில்லை. மாட்டுவண்டிகளின் மேல் ஏறி நின்று துண்டைச் சுழற்றினார்கள். சாயங்காலம் இறுதி ஆட்டத்தில் நான் ஒரு தடவைகூடப் பிடிபடவில்லை. கேடயத்தை எங்கள் தலைவர் தலைமேல் வைத்துக்கொண்டு ஊர்வரை நடந்தார். இதைப் பெருமையாகத்தான் எழுதுகிறேன். அந்த மூச்சில் திருட்டு எதுவும் இல்லை.

இந்தக் கதையை நான் போன இடமெல்லாம் சொன்னேன். உச்சிப்புளி டீக்கடையில், பாம்பன் பாலத்தடியில், பஸ்ஸில். பிடிகாரர் எப்படி வாயடைத்து நின்றார் என்பதையும் சேர்த்தே சொன்னேன். நன்றாகச் சொல்வேன். ஆட்கள் விழுந்து சிரிப்பார்கள்.

மழைக்காலம் தொடங்கும்போது இராமநாதபுரம் சந்தையில் பிடிகாரரின் ஊர்க்காரர் ஒருவரைப் பார்த்தேன். அவர் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தேன்.

"யாரு, பஞ்சா?" என்றார் அவர். "அப்பிடித்தான் அவுக மச்சினன்மாரே கூப்பிடுறாக. பொய்ச் சாட்சி சொன்னவன்னு பேராயிருச்சு. ஆட்டத்துக்கே வாரதில்ல. வரப்புத் தகராறுல சாட்சி சொல்லப் போனாருய்யா, எந்திரிச்சு நின்னதும் அங்கனயும் ஒருத்தன் பஞ்சக் கொண்டாங்கடான்னான்."

நான் சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை.

மறுநாள் அங்கே போனேன். பஸ்ஸை விட்டு இறங்கிச் சேற்றில் வெகுதூரம் நடக்க வேண்டியிருந்தது. அவர் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் மண்வெட்டியை நிறுத்தவில்லை.

"அன்னைக்கு நீங்க சொன்னது நெசம்தேன். மூச்சு எடுத்தேன்," என்றேன்.

"இதச் சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்த?"

"ஆமா."

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற. எனக்குத்தான் தெரியுமே," என்றார். பிறகு வரப்பில் இரண்டு வெட்டு வெட்டிவிட்டு, "கஞ்சி இருக்கு, குடிச்சிட்டுப் போ," என்றார்.

குடித்தேன். வந்த சேற்றிலேயே திரும்பி நடந்தேன்.

அடுத்த கோடையில் அதே கண்மாயில் ஆட்டம் தொடங்குமுன் தலைமையாசிரியரிடம் போய், எல்லாரிடமும் ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். அவர் விசில் ஊதிக் கூட்டத்தை அடக்கினார். "போன வருசம் அரையிறுதியில நான் மூச்சு எடுத்தேன். பிடிச்சவரு சொன்னது நெசம். சோதனையில பாடினது ஒரே மூச்சு, அதுவும் நெசம்," என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேசத் தெரியவில்லை.

முதலில் ஒரு மண்ணாங்கட்டி வந்து விழுந்தது, பிறகு பல. எங்கள் தலைவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "எங்க ஊருக் கேடயத்தையும் சேத்து உடைச்சுப் போட்டியே மாப்ள. இதுக்குத்தேன் உன்னயக் கூப்பிட்டனா?" அவர் அப்புறம் என்னைக் கூப்பிடவே இல்லை. அது எனக்கு இன்றுவரை வருத்தம்தான்.

அந்த வருடம் யாரும் என்னை ஆடவிடவில்லை. திரும்ப உப்பு வாரினேன். மறுவருடம் கோடை பாதி கழிந்தபின் ஓர் ஊரிலிருந்து ஆள் வந்தது. தலைமையாசிரியர் ஒரு நிபந்தனையோடு சம்மதித்திருந்தார். நான் பாடிப் போகும்போதெல்லாம் ஒரு நடுவர் என் வாயருகே காதை வைத்துக்கொண்டு கூடவே வருவார்.

முதல் ஆட்டத்திலேயே எதிரே அந்தப் பிடிகாரர் நின்றார். களத்துக்குத் திரும்பியிருந்தார். குனிந்து மண்ணை அள்ளி உள்ளங்கையில் தேய்த்தார். அவர் பக்கத்திலிருந்து யாரோ அவரை 'அண்ணே' என்று கூப்பிட்டது என் நல்ல காதில் விழுந்தது.

"வாலே, வா. பாடிக்கிட்டே வா," என்றார்.

போனேன். அதே காலைத்தான் பிடித்தார். நடுவரும் கூடவே புழுதியில் படுத்து என் வாயில் காதை வைத்தார். பிடிகாரரை இழுத்துக்கொண்டே கோடு வரைக்கும் ஊர்ந்தேன், பாட்டு அறவில்லை. கோட்டைத் தொட்ட பிறகு நடுவர் எழுந்து, விசிலைத் தேடிக்கொண்டு பிடிகாரரைப் பார்த்தார். "என்னய எதுக்குப் பாக்குறீக? அவுட்டு இல்ல, ஊதுங்க," என்றார் அவர்.

அதற்குப் பிறகு ஆறு கோடை ஆடினேன். எல்லா ஆட்டத்திலும் எனக்கு மட்டும் ஒரு நடுவர் துணைக்கு வந்தார். அந்த வட்டாரத்தில் வேறெந்த ஆட்டக்காரனுக்கும் அந்த மரியாதை கிடையாது. பாதிக் களம் போகுமுன் அந்த நடுவர்களுக்கு மூச்சு வாங்கும். எனக்கு வாங்கியதில்லை.