வெள்ளிக்கிழமை காலி செய்யும் வீடு

போன சனிக்கிழமை காலை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கையில் சோப்பு டப்பாவோடு செண்பகனூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன். குளிரில் பற்கள் தந்தியடித்தன. ஏன், என் வீட்டில் பாத்ரூம் இல்லையா? இருக்கிறது. கீசர்கூட இருக்கிறது. என்னைத்தான் உள்ளே விட மாட்டேன் என்கிறார்கள்!

"என்ன சார், வெள்ளனே துண்டும் கையுமா?" என்றார் மளிகைக் கடை பாய்.

"வீட்ல விருந்தாளிங்க, பாய். உங்க வீட்ல ஒரு பக்கெட் வெந்நீர்..." என்று இழுத்தேன்.

"அதுக்கென்ன, வாங்க. போடச் சொல்றேன்" என்றார். சிரிப்பை அடக்க மனுஷன் ரொம்பவே சிரமப்பட்டார்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை உண்டு. ஒரு காலத்தில் விறகு அடுக்கிய இடம். டைல்ஸ் ஒட்டி, குட்டியாக ஒரு பாத்ரூம் சேர்த்து, 'மிஸ்டி வியூ காட்டேஜ்' என்று பெயர் வைத்து ஆன்லைனில் போட்டோம். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு வாட்டர் டேங்க் தெரியும். மிஸ்ட் இறங்கிவிட்டால் அதுவும் தெரியாது. ஆனாலும் சனி, ஞாயிறு தவறாமல் டூரிஸ்ட் வந்துவிடுவார்கள்.

மற்ற நாட்களில் அறை சும்மாதானே கிடக்கிறது? அந்த நாட்களுக்குத்தான் செல்லத்தாயி.

லாட்ஜ் பெட்ஷீட்டுகளைத் துவைத்துக் கொடுக்கும் ஒரு லாண்டரியில் அவளுக்கு வேலை. சொந்த ஊர் கிளாவரை. புருஷன், பிள்ளைகள், பூண்டுக் காடு எல்லாம் அங்கே. தினமும் பஸ்ஸில் வந்து போகிற தூரமில்லை. டவுனில் வீடு தேடலாமே என்பீர்கள். டூரிஸ்ட்டை நம்பியிருக்கும் எங்கள் மலையூரில் "வீடு வாடகைக்கு இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். "எத்தனை நாளைக்கு?" என்றுதான் பதில் வரும். "இல்லீங்க, குடியிருக்க" என்றால் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

அதனால் ஊரில் பல பேர் செய்கிற ஏற்பாட்டையே நாங்களும் செய்தோம். திங்கள் காலை வரலாம். வெள்ளி காலை காலி செய்துவிட வேண்டும். வாடகை குறைவு. இதற்காக என்னை நானே மெச்சிக்கொள்ளாத நாளில்லை. உழைக்கிற ஜனங்களுக்கு ஏதோ நம்மால் ஆனது! அதோடு, வாரக் கடைசியில் அவள் குடும்பத்தோடு இருக்கட்டுமே... கருணையில் எனக்கு நிகர் உண்டா?

போன வாரம் வெள்ளிக்கிழமை. வெகுநேரமாகியும் பின்னறைக் கதவு திறக்கவில்லை. என் மனைவி கோமதி போய்ப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். செல்லத்தாயி போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது.

"செத்த நேரம் குடுங்கக்கா... வெரசா கெளம்பிர்றேன்" என்று எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"இந்தக் காய்ச்சலோட கிளாவரைக்கு எப்படிம்மா பஸ்ஸில போவே?" என்றேன், அக்கறையாக.

"கிளாவரைக்கு எங்கிட்டு சார் போறேன்? சனி ஞாயிறுதான சோலியே ஜாஸ்தி. லாண்டரியிலதான் படுக்குறது. அழுக்குத் துணி மூட்ட கெடக்கும்ல, அதுமேல. கீழ தரையெல்லாம் ஒரே ஈரம் சார்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெள்ளிக்கிழமைகளில் நீ எங்கே போகிறாய் என்று நான் அவளை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே என்ற பயமோ என்னவோ!

சரி, உட்கார்ந்து வெட்கப்படவாவது நேரம் இருந்ததா? மத்தியானமே கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் பெட்டிகளோடு வந்து இறங்கிவிட்டது. "காட்டேஜ்ல பைப் ரிப்பேர்" என்று கூசாமல் புளுகினேன். எங்கள் படுக்கையறையை அவர்களுக்குக் கொடுத்தோம். வீட்டுக்குள் இருக்கும் ஒரே பாத்ரூம் அந்த அறைக்குள்தான் இருக்கிறது என்பது, கொடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

கோமதி, செல்லத்தாயிக்குத் துணையாகப் பின்னறைக்குப் போய்விட்டாள். காய்ச்சல்காரி படுத்திருக்கும் அறைக்குள் புகுந்து நான் குளிக்க முடியுமா? நான்? ஹாலில் அவர்கள் டிவி பார்த்தார்கள். டைனிங் டேபிளில் சீட்டு விளையாடினார்கள். இரண்டு சட்டை, பிரஷ், பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு மஞ்சப் பையில் போட்டுக்கொண்டு என் வீட்டிலேயே மூலை மூலையாக ஒதுங்கினேன். கடைசியில் கிரைண்டருக்குப் பக்கத்தில் பாயை விரித்தேன்.

அந்தக் குடும்பத்து மாப்பிள்ளை ரொம்ப மரியாதையானவர். மெதுவாக என்னிடம் வந்து, "அங்கிள், நீங்க எப்ப வெளிய போவீங்க? நாங்க கொஞ்சம் ஃப்ரீயா இருக்கலாம்னு..." என்றார்.

போனேன். வேறென்ன செய்ய? கையில் பையோடு ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு தம்பி ஓடி வந்து, "ரூம் வேணுமா சார்? குறைச்சுத் தர்றேன்" என்றார். அவர் எங்கே தங்கியிருக்கிறார் என்று கேட்டேன். "ஃபிரெண்டோட வண்டியில படுத்துக்குவேன் சார்" என்று சிரித்தார்.

ஹோட்டலில் தோசை வர லேட், பேக்கரியில் ஆள் இல்லை, ஆஸ்பத்திரி நர்ஸம்மா கடைசி பஸ்ஸுக்கு ஓடிவிட்டார்... வாராவாரம் பத்திரிகையில் எழுதும் இதே பத்தியில் நான் எத்தனை முறை புலம்பியிருக்கிறேன்! இந்தக் காலத்தில் வேலைக்கு ஆள் எங்கே வருகிறார்கள் என்று அலுத்துக்கொண்டும் இருக்கிறேன். வருகிறார்கள். வந்துவிட்டு, ராத்திரி எங்கே தலை சாய்ப்பது? ஊர் முழுக்கக் கட்டில் போட்டிருக்கிறோம். அதில் விரிக்கிற பெட்ஷீட்டைத் துவைப்பவளுக்கு ஒரு கட்டில் இல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் குளிக்க இடமில்லாமல் போக வேண்டியிருந்தது. அவ்வளவு கூர்மையான மூளை!

ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர்க்காரர்கள் கிளம்பினார்கள். கோமதி போனை எடுத்து 'மிஸ்டி வியூ'வை ஆன்லைனிலிருந்து நீக்கினாள். "கிறிஸ்துமஸ் வரைக்கும் இருக்கட்டுமே" என்றேன். ஒரு பார்வை பார்த்தாள். நான் அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி எழுந்துவிட்டேன்.

நேற்று வியாழக்கிழமை சாயங்காலம். காய்ச்சல் தேறி வேலைக்குப் போய்வந்த செல்லத்தாயி, வழக்கம்போலத் துணிகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். இதற்காகவே காத்திருந்தவன் மாதிரி போய் நின்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"செல்லத்தாயி, இனிமே வெள்ளிக்கிழமை காலி பண்ண வேண்டாம்மா."

அவள் கண் கலங்கும், கையெடுத்துக் கும்பிடுவாள், நான் "அட, இதெல்லாம் எதுக்கு" என்று பெருந்தன்மையாகச் சொல்ல வேண்டும். இப்படியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

அவள் முகம் வாடிவிட்டது.

"அப்ப... ஒரேயடியாக் காலி பண்ணச் சொல்றீங்களா சார்? காய்ச்சல்ல படுத்துட்டேன்னு தான? இனிமே அப்படி ஆகாது சார். திங்கக்கெழமைக்குள்ள நான் எங்க போயி எடம் தேடுவேன்?"

கோமதி வந்து உட்கார்ந்து, வாடகை அதேதான், ஏழு நாளும் இங்கேயே இருக்கலாம் என்று இரண்டு மூன்று முறை சொன்னாள். "சரிங்கக்கா" என்று தலையாட்டினாள் செல்லத்தாயி. மடித்து வைத்த துணிகளை மட்டும் வெளியே எடுக்கவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஏதோ கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த செல்லத்தாயி பதறிப்போய் எட்டிப் பார்த்தாள்.

நானும் எட்டிப் பார்த்தேன்... டூரிஸ்ட்டாக இருக்குமோ என்ற சபலத்தில்!